சிறிய வீட்டில் நாய்க்குட்டிக்குத் தூய்மை பழக்குதல்

நாய் வளர்த்தல் நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே, பனையோலை வேலியடைத்த வளவினுள் நாயொன்றில்லாத வீட்டைக் காண்டல் அரிது. ஆனால் அந்த நாய் வீட்டுக்குரிய நாயேயன்றி வீட்டினுள்ளே வாழும் நாயன்று. அது படலையடியிலே படுத்திருக்கும், முற்றத்திலே உண்ணும், மழை பெய்தால் தலைவாசலிலோ மாட்டுக்கொட்டிலிலோ ஒதுங்கும். இயற்கைக் கடன் கழிப்பதற்கு வளவின் கோடிப்புறத்திலே அதற்கு வேண்டிய அளவு நிலம் கிடந்தது. ஆதலின், நாய்க்குத் தூய்மை பழக்குதல் என்றொரு வேலை அங்கே எவருக்கும் நேர்ந்ததில்லை. அதற்கான முறையைப் பாட்டனிடமிருந்து பேரன் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இருந்ததில்லை.

இன்று நம்மிற் பலரின் வாழ்க்கை வேறு வகையாய் அமைந்துவிட்டது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளிலே வாழ்கின்றோம். இரண்டு அறைகளும், ஒரு சிறு குசினியும், ஒருவர் நின்று துணி உலர்த்தக்கூடிய பல்கனியுமே பல குடும்பங்களின் முழு உலகம். அங்கே முற்றமுமில்லை, கோடிப்புறமுமில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் நாள் வீட்டில் விழாக்கோலம். மூன்றாம் நாள் வரவேற்பறைப் பாயிலே ஈரம். ஐந்தாம் நாள் அயல்வீட்டாரின் முறைப்பாடு. பின்னர் அதட்டல், அடி, சங்கிலி என்று படிப்படியாக முற்றி, ஈற்றிலே அக்குட்டி ஒரு சாக்கினுள் ஏறிச் சந்தையோரத்திலோ கோயில் வீதியிலோ இறங்குகின்றது. தெருவிலே விடப்படும் குட்டிகளிற் பல நெடுநாள் உயிர் வாழ்வதில்லை. உயிர் தப்புவன தடுப்பூசியின்றித் திரிந்து, விசர்நாய்க்கடி என்னும் கொடிய அபாயத்துக்கும் இடமளிக்கின்றன.

இத்துணைக்கும் காரணம் யாது? குட்டியின் குணக்கேடு அன்று. அதற்கு எங்கே, எப்பொழுது, எப்படி என்று கற்பிப்பார் இல்லாமையே காரணம். ஒழுங்கான முறையொன்றைக் கைக்கொண்டால் மிகச் சிறிய வீட்டிலும் நாய்க்குட்டிக்குத் தூய்மை பழக்கலாம். உண்மையில், பெரிய மாளிகையிலும் பார்க்கச் சிறிய வீடே இதற்கு வசதியானது என்று கூடச் சொல்லலாம். மாளிகையிலே குட்டி எந்த அறையின் எந்த மூலைக்குப் போயிற்று என்று தேடவேண்டும். இரண்டறை வீட்டிலோ அது எப்பொழுதும் நம் கண்முன்னே இருக்கின்றது.

முதலில் குட்டியின் இயல்பை அறிந்துகொள்வோம். பிறந்த குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க வல்லதன்று. தாய்நாய் அதன் வயிற்றின் அடிப்புறத்தை நாவினால் நக்கித் தூண்டும்பொழுதே அது கழிக்கின்றது. கழிவையும் தாயே உட்கொண்டு படுக்கையைத் துப்புரவாக வைத்திருக்கின்றது. ஏறக்குறைய மூன்றாம் வாரம் வரையில் இந்நிலை நீடிக்கும். அதன்பின், தள்ளாடி நடக்கத் தொடங்கிய குட்டி, படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கின்றது. இதனை எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை. படுக்குமிடத்தை அசுத்தப்படுத்தாமை நாயினத்தின் பிறவிக்குணம். நாம் செய்யவேண்டியது புதியதொரு குணத்தைப் புகுத்துதலன்று. இருக்கின்ற குணத்தை விரிவாக்குதலே. தன் படுக்கையை மட்டும் தூயதாக வைத்திருக்கும் குட்டிக்கு, இந்த வீடு முழுவதும் படுக்கையே என்று உணர்த்தவேண்டும். அவ்வளவே.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். எட்டாவது ஒன்பதாவது வாரமளவில், எத்தகைய தரையிலே கழிப்பது என்னும் விருப்பம் குட்டியிடம் உருவாகத் தொடங்குகின்றது. அது இடத்தை மாத்திரமன்றி, பாதத்துக்குப் படும் தரையின் தன்மையையும் நினைவில் வைக்கின்றது. புல்லிலே பழகிய குட்டி புல்லைத் தேடும். மணலிலே பழகியது மணலைத் தேடும். சீமெந்துத் தரையிலே விடப்பட்டது சீமெந்துத் தரையையே நாடும். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. எட்டாம் வாரத்திலே அது நம் வீட்டுக்கு வருமாயின், இவ்விருப்பம் உருவாகும் வேளையிலேயே வருகின்றது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாம் காட்டும் கவனம், பின்னர் பல மாதங்களின் தொல்லையை நீக்கும் என்பதற்கு இதுவே காரணம்.

உடலின் எல்லையையும் அறிதல் வேண்டும். இரண்டு மாதக் குட்டியின் சிறுநீர்ப்பை சிறியது. அதனை அடக்கும் தசைகளும் வலுப்பெறவில்லை. ஒரு குட்டிக்கு எத்தனை மாத வயதோ அத்துடன் ஒன்றைக் கூட்டினால், பகலில் அது அடக்கக்கூடிய மணிகளின் உச்ச அளவு ஏறக்குறையக் கிடைக்கும் என்பது நாய் பழக்குவோர் கையாளும் கணக்கு. இரண்டு மாதக் குட்டி 3 மணி நேரமும், மூன்று மாதக் குட்டி 4 மணி நேரமும் தாங்கலாம். ஆயினும் இது ஓய்ந்திருக்கும்பொழுது பொருந்தும் கணக்கு. ஓடி விளையாடும் குட்டிக்கு அரை மணி நேரமே அதிகமாகலாம். சிறு சாதி நாய்களுக்கு இக்காலம் இன்னும் குறுகியது. ஐந்து மணி நேரம் அடைத்துவைத்த குட்டி அறையை நனைத்ததென்று கோபிப்பது, மழையிலே நனைந்த துணி ஈரமாயிற்றென்று கோபிப்பதை ஒக்கும்.

நான்கு வேளைகளிலே குட்டிக்கு இத்தேவை தவறாது எழும். துயிலெழுந்தவுடன், உணவு உண்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள், விளையாடும்போதும் விளையாடி முடிந்ததும், இரவு படுக்கப் போகுமுன். உணவின் பின் எழுவதற்குத் தெளிவான காரணமுண்டு. வயிற்றிலே உணவு இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குகின்றது. மனிதக் குழந்தைகளிடத்தும் இதனைத் தாய்மார் கண்டிருப்பர். இந்த நான்கு வேளைகளையும் நன்கு அறிந்து முந்திக்கொள்வோர் வேலையின் பெரும்பகுதியை முடித்தவராவர்.

இனி, நாய் எவ்வாறு கற்கின்றது என்பதைப் பார்ப்போம். உருசிய நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் இவான் பாவ்லவ், சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், உணவில்லாமலே அவ்வடையாளத்துக்கு நாயின் வாய் ஊறும் என்பதை அவர் காட்டினார். அமெரிக்க உளநூலறிஞர் எட்வேட் தோண்டைக், பூனைகளையும் நாய்களையும் கூண்டுகளில் அடைத்து ஆராய்ந்து, இன்பம் தரும் விளைவையுடைய செயல் நிலைக்கும், அஃதில்லாத செயல் தேயும் என்னும் விதியை வகுத்தார். இவ்விரண்டினாலும் நாம் பெறும் பாடம் எளியது. வேண்டிய இடத்திலே குட்டி கழித்தவுடன் அதற்கு ஓர் இன்பம் விளைதல் வேண்டும். "உடன்" என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்கின்றேன். கழித்து முடித்த ஓரிரு கணங்களுக்குள்ளே கிடைக்கும் பரிசையே அச்செயலோடு சேர்த்து அது நினைவிற் கொள்ளும். வீட்டினுள் வந்து அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுக்கும் பரிசு, அலுமாரியின் பக்கம் ஓடிவருவதற்கே பரிசாகிவிடும்.

தண்டனையின் கதையும் இதுவே. குட்டியின் முகத்தை அதன் கழிவிலே தேய்த்து அடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பத்து நிமிடத்துக்கு முன் செய்ததற்காக இப்பொழுது அடி விழுகின்றதென்று குட்டி அறியாது. அது அறிவதெல்லாம், நிலத்திலே ஈரமும் பக்கத்திலே எசமானும் இருந்தால் அடி விழும் என்பதே. அதனாற்றான் அடிபட்ட குட்டி நம்மெதிரே கழிக்க அஞ்சிக் கட்டிலின் கீழும் கதிரையின் பின்னும் ஒளித்துக் கழிக்கின்றது. பின்னர் நாம் அதனை வெளியே கொண்டுசென்று அரை மணி நேரம் நின்றாலும், பக்கத்தில் நாம் நிற்பதனாலேயே அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மறைவிடம் தேடும். செவியைத் தாழ்த்தி வாலை ஒடுக்கி நிற்கும் நாயைப் பார்த்து, குற்றத்தை உணர்ந்துவிட்டதென்று சிலர் மகிழ்வர். அது உணர்ந்தது நமது முகத்தின் கோபத்தையே.

வேலையைத் தொடங்குமுன் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். நிலத்தளத்தில் வாழ்வோர், கட்டடத்தின் பின்புறத்திலே பிறர்க்கு இடையூறில்லாத ஒரு நிலத்துண்டைத் தெரிந்து, தொடக்கத்திலிருந்தே குட்டியை அங்கே கொண்டுபோகலாம். இதுவே மிக நேரான வழி. மூன்றாம் நான்காம் மாடியில் வாழ்வோர்க்கு இது எளிதன்று. எட்டு வாரக் குட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்குமுன் காரியம் கைமேலே முடிந்துவிடும். அவர்கள் பல்கனியிலோ குளியலறையின் ஒரு மூலையிலோ தட்டமொன்றை அமைத்துக்கொள்ளுதல் நன்று.

மாடிவீட்டார் தட்டத்தை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1978ஆம் ஆண்டளவிலே உலகின் பல பாகங்களில் முதன்முதலாக அறியப்பட்ட பார்வோ வைரசு நோய், இரத்தக் கழிச்சலையும் வாந்தியையும் உண்டாக்கி இளங்குட்டிகளை விரைவிற் கொல்வது. நோயுற்ற நாயின் கழிவு பட்ட நிலத்திலே அக்கிருமி மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். இதற்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்திலே தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரையில் ஏற்றப்படுகின்றது. அது நிறைவெய்துமுன், தெருநாய்கள் பல வந்துபோகும் ஒழுங்கையோரத்திலே குட்டியை இறக்கிவிடுதல் அபாயம். எனவே முதல் இரண்டு மாதங்களுக்கு வீட்டினுள்ளே அமைந்த இடமே பாதுகாப்பானது.

தட்டத்திலே எதை இடுவது? பழைய பத்திரிகைத் தாளை விரிப்பதே பலரின் வழக்கம். அது மலிவானது, எளிதில் அகற்றக்கூடியது. ஆனால் முன்னே கூறிய தரை விருப்பத்தை நினைவுகூருங்கள். தாளிலே பழகிய குட்டிக்குத் தாள் என்றால் அதுவே இடம். காலையிலே சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் ஐயா வைத்துவிட்டுப் போன அன்றைய பத்திரிகைக்கும், தட்டத்திலே விரித்த சென்ற வாரப் பத்திரிகைக்கும் வேற்றுமை காண அதற்குத் தெரியாது. ஈரமுறிஞ்சும் விரிப்புகளை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவோரும் உளர். அதிலே பழகிய குட்டி, துணிப்பாயையும் கால்மிதியையும் அதன் இனமென்றே கருதக்கூடும். பிற்காலத்தில் நிலத்திலே கழிக்கவேண்டிய நாய்க்கு, நிலத்தை ஒத்த பொருளே தட்டத்துக்கும் ஏற்றது.

ஏறக்குறைய இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட, இரண்டு மூன்று அங்குல விளிம்புடைய பிளாத்திக்குத் தட்டம் ஒரு சிறு நாய்க்குட்டிக்குப் போதும். குட்டி அதனுள்ளே நின்று ஒரு முறை சுற்றித் திரும்ப இடமிருத்தல் வேண்டும்; பெருஞ்சாதிக் குட்டியாயின் தட்டமும் பெரிதாக வேண்டும். அடியிலே தும்புச்சோற்றைப் பரப்பினால் ஈரத்தை நன்கு உறிஞ்சும். அதன்மேல் மண்ணோடு வெட்டியெடுத்த புற்றரையைப் பதிக்கலாம். புல் கிடையாதவிடத்து வெறும் மணலும் உதவும். கழிவை அவ்வப்போது அகற்றி, புல்லையும் தும்புச்சோற்றையும் கிழமைக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். தட்டத்தைக் குட்டி உண்ணுமிடத்துக்கும் உறங்குமிடத்துக்கும் இயன்றளவு தூரத்தில் வையுங்கள். வைத்த இடத்தை நாளுக்கொன்றாய் மாற்றாதீர்கள்.

அடுத்தது உறங்குமிடம். நல்ல காற்றோட்டமுள்ள கம்பிக்கூடோ பக்கங்களில் துவாரமிட்ட மரப்பெட்டியோ இதற்கு வேண்டும். குட்டி அதனுள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தாற் போதும். அதனிலும் பெரிதானால் ஒரு மூலையிலே படுத்து மறுமூலையிலே கழிக்கும். கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு பழந்துணியையும் சிறிது உணவையும் இட்டு, அது தானாகப் போய்வரப் பழக்கிய பின்னரே கதவைச் சாத்துதல் முறை. இதனைச் சிறைக்கூடமாக்குதல் தகாது. பகலிலே நாம் கவனிக்க முடியாத சிறுபொழுதுக்கும் இரவுத் துயிலுக்குமே இது உரியது. கொழும்பின் வெப்பத்திலே வெயில் விழும் யன்னலருகில் இதனை வைத்தல் பெருந்தவறு.

இடங்கள் அமைந்தன. இனி நேரசூசி. இரண்டு மாதக் குட்டியின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு அது விழித்தவுடன், தரையிலே நடக்கவிடாது தூக்கிச் சென்று தட்டத்தில் விடுங்கள். ஆறரைக்கு உணவு, உணவு முடிந்து பத்து நிமிடத்தில் மீண்டும் தட்டம். சிறிது விளையாட்டு, மீண்டும் தட்டம், பின் பெட்டியிலே துயில். பதினொன்றரைக்கும், மாலை நாலரைக்கும், இரவு எட்டு மணிக்கும் உணவு. ஒவ்வொரு துயிலுக்கும் உணவுக்கும் விளையாட்டுக்கும் பின் தட்டம். விழித்திருக்கும் வேளையில் மணிக்கொருமுறை, எதுவும் நேராவிட்டாலும், தட்டம். இரவு பத்தரைக்குக் கடைசி முறை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஆகும் என்று அஞ்சவேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் செல்வது சில நிமிடங்களே; சில கிழமைகளில் இவ்வெண்ணிக்கை பாதியாகிவிடும்.

தட்டத்துக்குக் கொண்டுபோகும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். மெல்லிய கழுத்துப்பட்டியும் கயிறும் மாட்டிக் கொண்டுபோங்கள். அங்கே அதனோடு விளையாடாமல், பேசாமல், மரம்போல் நில்லுங்கள். ஐந்து நிமிடம் வரை பொறுக்கலாம். அது கழிக்கத் தொடங்கும்பொழுது தாழ்ந்த குரலிலே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். எச்சொல்லாயினும் ஆகலாம். முற்றமில்லாத வீட்டார் "முற்றம்" என்ற சொல்லையே வைத்துக்கொள்வதிலும் ஒரு பொருத்தமுண்டு. வீட்டிலுள்ள அனைவரும் அந்த ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். அம்மா ஒன்றும், ஐயா ஒன்றும், பிள்ளைகள் ஆங்கிலத்திலே வேறொன்றும் சொன்னால் குட்டிக்கு எதுவும் விளங்காது. முடித்தவுடன் மகிழ்ச்சியோடு பாராட்டி, கடலைப்பருப்பளவு அவித்த கோழியிறைச்சித் துண்டொன்றைக் கொடுங்கள். அதன்பின் சிறிது விளையாடவும் விடுங்கள். முடித்ததும் உடனே பெட்டியில் அடைத்துவிட்டால், விளையாட்டை நீட்டுவதற்காகக் கழிப்பதைத் தள்ளிப்போடக் குட்டி கற்றுக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நேரவில்லையாயின் உள்ளே கொண்டுவந்து, பத்துப் பதினைந்து நிமிடம் பெட்டியிலோ மடியிலோ வைத்திருந்து, மீண்டும் கொண்டுபோங்கள். இந்த இடைவேளையிலே குட்டியைத் தரையில் உலாவவிடுவதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

விழித்திருக்கும் குட்டி எப்பொழுதும் ஒருவரின் கண்பார்வையிலே இருத்தல் வேண்டும். ஆறடிக் கயிற்றின் நுனியை நமது இடுப்பிலே கட்டிக்கொண்டு வீட்டுவேலை செய்தலும் நல்ல உபாயம். திடீரென விளையாட்டை நிறுத்துதல், நிலத்தை முகர்ந்து வட்டமிடுதல், கதவுப்பக்கம் பார்த்தல், மூலையை நாடுதல் ஆகியன அறிகுறிகள். கண்டவுடன் தூக்கிச் செல்லுங்கள். தொடங்கிவிட்டதாயின், உரப்பி வெருட்டாமல், மெல்லக் கைதட்டி அதன் கவனத்தைத் திருப்பித் தட்டத்துக்குத் தூக்கிச் சென்று, எஞ்சியதை அங்கே முடித்தாலும் பாராட்டுங்கள். முடிந்த பின்னரே கண்டீர்களாயின், குட்டியிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, நேரசூசியிலே எங்கே இடைவெளி விழுந்தது என்று பாருங்கள்.

உணவிலே ஒழுங்கில்லாவிடின் கழிவிலும் ஒழுங்கிராது. உணவுக் கோப்பையை நாள் முழுவதும் நிரப்பி வைத்திருப்போர், குட்டி எப்பொழுது கழிக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை கொடுத்து, இருபது நிமிடத்தில் உண்ணாததை எடுத்துவிடுங்கள். நம் வீடுகளிலே குட்டிக்குப் பசுப்பாலும் சோறும் வைப்பது மரபு. பாலிலுள்ள வெல்லத்தைச் சமிக்க முடியாத குட்டிகள் பல உண்டு. அவற்றுக்குப் பாலே வயிற்றுப்போக்கை விளைவிக்கும். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. ஆதலின் கறி கலந்த சோற்றைக் கொடுத்தலாகாது. தண்ணீரை மட்டும் பகலில் ஒருபொழுதும் மறுக்கக் கூடாது. நமது வெப்பநாட்டிலே தாகம் ஆபத்தானது. படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் வயிறு நிரம்பக் குடிக்க விடாதிருந்தாற் போதும்.

இரவைக் குறித்துப் பலர் கலங்குவர். துயிலும்போது சிறுநீர் சுரப்பு குறைவதால் பகலிலும் பார்க்க நீண்ட நேரம் குட்டி தாங்கும். எனினும் முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு நடுச்சாமத்தில் ஒருமுறை எழவேண்டியிருக்கும். பெட்டியை நாம் படுக்கும் அறையிலேயே வைத்தல் நன்று. தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்த குட்டிக்கு நமது மூச்சொலியே துணை; அது முனகி அசையும் ஒலியும் நமக்குக் கேட்கும். எழுந்து, விளக்கைக் குறைத்து, பேச்சின்றித் தட்டத்துக்குக் கொண்டுசென்று, முடிந்ததும் மெல்லப் பாராட்டி மீண்டும் படுக்கவையுங்கள். நள்ளிரவிலே விளையாட்டுக் காட்டினால் நாள்தோறும் நள்ளிரவில் விளையாட்டு வேண்டும் என்று அது எழுப்பும்.

தவறு நேர்ந்த இடத்தைத் துப்புரவாக்குதல் பெரும்பாலோர் அலட்சியம் செய்யும் பகுதி. நாயின் மோப்பம் நமது மோப்பத்திலும் பல மடங்கு கூர்மையானது. நமக்கு மணமில்லாத இடம் அதற்கு இன்னும் கழிப்பிடமாகவே தோன்றும். முதலில் பழந்துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்த்துப் பரப்பவேண்டாம். பின் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, கழிவுப்பொருள்களைச் சிதைக்கும் நொதியம் கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி, அதன் பெட்டியிற் கூறிய நேரம் வரை விட்டுவையுங்கள். அது கிடையாவிடின், வினாகிரியோடு சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, உலர்ந்தபின் அப்பச்சோடாவைத் தூவிக் கூட்டியெடுக்கலாம். அமோனியா கலந்த திரவங்களை விலக்குங்கள். சிறுநீர் சிதைந்தாலும் அமோனியாவே தோன்றுவதால் அதன் மணம் குட்டியை அவ்விடத்துக்கே திரும்ப அழைக்கும். வெளிற்றும் திரவத்தைச் சிறுநீரின்மேல் ஊற்றுவதும் நன்றன்று. இரண்டும் சேர்ந்து மூச்சைத் தாக்கும் வாயுவை உண்டாக்கும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையிலே இது தீங்கானது.

மாடிவீட்டிலே நமது துப்புரவு நம்மோடு முடிவதில்லை. பல்கனியைக் கழுவிய தண்ணீர் கீழ்வீட்டாரின் உலரும் துணியிலே விழுந்தால், குட்டியின் வாழ்வு அன்றே முடிந்தது எனலாம். தட்டத்தின் மலத்தைத் தாளில் எடுத்து மலகூடத்திலே இட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தாளைக் குப்பைப் பையிலே போடுங்கள். இதிலே பிள்ளைகளின் நலமும் அடங்கியிருக்கின்றது. நாய்க்குட்டிகளிற் பெரும்பாலானவை தாயின் கருப்பையிலிருந்தே வட்டப்புழுவைப் பெற்றுப் பிறக்கின்றன. மலத்தோடு வெளிவரும் அப்புழுவின் முட்டைகள், சில வாரங்கள் கிடந்த பின்னரே பிறர்க்குத் தொற்றும் வலிமை பெறும். அன்றன்று அகற்றினால் அபாயம் இல்லை. மாதக்கணக்கில் மாற்றாத மணலிலே பிள்ளைகள் கை வைத்தால் அபாயம் உண்டு. மிருக வைத்தியரின் சொற்படி பூச்சிமருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். எலிக்காய்ச்சற் கிருமி நாயின் சிறுநீராலும் பரவக்கூடும். அதற்கும் தடுப்பூசி உண்டு. தட்டத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் எல்லோருக்கும் கட்டாயமாகட்டும். நாயைப் பதிவு செய்தலும், விசர்நோய்த் தடுப்பூசி இடுதலும் நாய் வளர்ப்போரின் கடமைகள். நாய்ப் பதிவுச் சட்டம் இந்நாட்டிலே 1901ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டிலே என்செய்வது? எட்டு மணி நேரம் பெட்டியிலே பூட்டிவைத்தல் கொடுமை. அதுமட்டுமன்று, வேறு வழியின்றிப் படுக்கையிலேயே கழிக்கப் பழகிய குட்டியின் பிறவிக்குணமே கெட்டுவிடும். அதன்பின் பழக்குதல் மிகக் கடினம். இத்தகையோர் குசினி மூலையையோ பல்கனியின் நிழற்பகுதியையோ தடுத்து அடைத்து, ஒருபுறம் பெட்டியையும் தண்ணீரையும் மறுபுறம் தட்டத்தையும் வைத்துவிட்டுச் செல்லலாம். நண்பகலில் ஒருமுறை அயலார் ஒருவரையோ உறவினரையோ வந்து பார்க்கச் செய்தல் வேண்டும். அதற்கும் வழியில்லாதோர் குட்டியை வாங்குவதைப் பின்போடுதலே அறமாகும்; அல்லது ஏற்கெனவே பழகிய வளர்ந்த நாயொன்றை ஏற்கலாம்.

தடுப்பூசிகள் நிறைவுற்றபின், தட்டத்திலிருந்து நிலத்துக்கு மாற்றும் காலம் வரும். காலையில் எழுந்தவுடன் முதலிற் கழிக்கும் வேளையே இதற்கு ஏற்றது. பழைய தட்டத்தின் புற்கட்டியொன்றை நிலத்திலே வைத்து, அங்கே குட்டியை நிறுத்தி, பழகிய சொல்லைச் சொல்லுங்கள். மணமும் சொல்லும் தரையும் சேர்ந்து அதற்கு வழிகாட்டும். சில நாளில் புற்கட்டி வேண்டியிராது. ஆயினும் தட்டத்தை முற்றாக ஒழித்துவிட வேண்டாம். மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகை மாதத்து இடிமின்னலும் கொழும்புவாசிகள் அறிந்தவை. மழையிலே கால் நனைக்க மறுக்கும் நாய்க்கும், முதுமையிலே படியிறங்க மாட்டாத நாய்க்கும் பல்கனித் தட்டம் என்றும் உதவும்.

எல்லா ஈரமும் பயிற்சியின் குறையால் வருவதன்று. நாம் குனிந்து தொடும்போதும், விருந்தினர் உரத்த குரலிற் பேசும்போதும் சில குட்டிகள் சிறிது சிறுநீர் விடும். அது பணிவின் அடையாளம். நாய்மொழியிலே கூறும் வணக்கம். கோபித்தால் இன்னும் கூடும்; பொருட்படுத்தாது, பக்கவாட்டில் அமர்ந்து மெல்லத் தொட்டால் வளர வளர நீங்கும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகக் கழித்தல், கழிக்கும்போது முனகுதல், சிறுநீரில் இரத்தம், பழகிய நாய் திடீரெனத் தவறுதல் ஆகியன நோயின் குறிகள். வாந்தியோடு கழிச்சலும் கண்டால் ஒரு நாளும் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

தொடர்ந்து இரண்டு மூன்று கிழமைகள் தவறின்றி நடந்ததாயின், குட்டிக்கு இன்னுமோர் அறையைத் திறந்துவிடலாம். அங்கே அதற்கு ஒருவேளை உணவும் விளையாட்டும் கொடுத்தால் அதனையும் தன் உறைவிடமாக ஏற்கும். இவ்வாறு அறை அறையாக வீடு முழுவதையும் அதற்கு உரிமையாக்குதல் வேண்டும். நான்கு முதல் ஆறு மாத வயதளவில் பெரும்பாலான குட்டிகள் நன்கு பழகிவிடும். சிலவற்றுக்கு ஓராண்டும் செல்லும். இடையிலே தவறினால், ஒருபடி பின்வாங்கிப் பழைய நேரசூசியைச் சில நாட்கள் கைக்கொண்டாற் போதும்.

நேயர்களே, நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள். அதிலே இந்தப் பழக்கத்துக்கு வேண்டியது சில மாதங்களின் கவனமே. பாரதக் கதையின் முடிவிலே, தன்னோடு நடந்துவந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் தருமன் என்று படித்திருக்கின்றோம். நம்மிடம் எவரும் அத்துணைப் பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. காலையில் சற்று முன்னதாக எழுதல், கையிலே ஒரு துணி, நாவிலே ஓர் இன்சொல் ஆகியவற்றையே நாய்க்குட்டி கேட்கின்றது. அவற்றை மறுத்ததனால் எத்தனையோ குட்டிகள் தெருவிலே நிற்கின்றன. பிள்ளைகள் குட்டியொன்றைக் கேட்கும்பொழுது, முதலில் வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து, காலையில் எழுபவர் யார், நடுச்சாமத்தில் எழுபவர் யார், தட்டத்தைக் கழுவுபவர் யார் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் குட்டி வீட்டுக்கு வரட்டும்.